மலையகத்தில் சைக்கிளில் செல்ல அமைதியான வீதிகள் எவை?

வடமராட்சியான்:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் தமக்கையின் மகனும் வருகின்ற பெப்ரவரியில் ஒரு வாரம் மலையகத்தில் சைக்கிளில் பயணம் செய்ய விரும்புகிறோம். யாழ்ப்பாணத்துச் சமதரையில் நூறு கிலோமீற்றர் ஓடுவது எங்களுக்குப் பழக்கமானதுதான், ஆனால் மலை ஏறி ஓடிய அனுபவம் இருவருக்குமே இல்லை. கண்டியிலிருந்து நுவரெலியா செல்லும் பிரதான வீதியில் பஸ்ஸில் போயிருக்கிறேன். றம்பொடைப் பக்கத்து வளைவுகளில் பஸ்களும் லொறிகளும் ஒன்றையொன்று முந்துவதைக் கண்ட பிறகு, அந்த வீதியில் பதினேழு வயதுப் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு செல்ல எனக்கு மனம் ஒப்பவில்லை.

வேகமாகச் செல்வதோ அதிக தூரம் ஓடுவதோ எங்கள் நோக்கமன்று. பழைய கோவில்கள், பழைய ஊர்கள், தோட்டங்கள் ஆகியவற்றினூடாக வாகன நெரிசல் இல்லாமல் செல்லும் சிறு வீதிகளே எங்களுக்குத் தேவை. எந்தப் பக்கத்தில் தொடங்கலாம், பெப்ரவரியில் மழை எப்படி இருக்கும், ரிம் பிரேக் உள்ள சாதாரண ரோட் சைக்கிள் இந்த இறக்கங்களுக்குப் போதுமா என்பவற்றை அனுபவமுள்ளவர்கள் கூறினால் பேருதவியாக இருக்கும்.

பேராதனைவாசி:

வணக்கம் ஐயா. மலை ஏறிப் பழக்கமில்லாதவர்கள் முதல் நாளிலேயே தேயிலை மலைகளுக்குப் போக வேண்டாம் என்பதே என் கருத்து. கண்டிக்கு மேற்கே கம்பளை அரசர் காலத்துக் கோவில்கள் மூன்று, ஒன்றுக்கொன்று சில கிலோமீற்றர் தூரத்திலேயே உள்ளன. அவற்றை இணைக்கும் வீதி வயல்களுக்கும் வீட்டுத் தோட்டங்களுக்கும் நடுவே சிறுசிறு ஏற்ற இறக்கங்களோடு செல்வதால், கால்களும் கியரும் மலைக்குப் பழகுவதற்கு அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை.

கொழும்பு வீதியில் பிலிமத்தலாவையில் தெற்கே திரும்பினால் சிறிது தூரத்திலேயே கடலாதெனிய விகாரை வந்துவிடும். 1344இல் கட்டப்பட்ட இந்தக் கற்கோவிலை அமைத்தவர் கணேஸ்வராச்சாரி என்னும் தென்னிந்தியச் சிற்பி. தூண்களையும் வாயிற்படியையும் பார்த்த மாத்திரத்திலேயே தமிழ்நாட்டுக் கோவிற்பணி கண்முன் வரும். அதற்கு அப்பால் ஒரு பாறையின் உச்சியில் இருப்பது லங்காதிலக. அதுவும் கம்பளை அரசன் நான்காம் புவனேகபாகுவின் காலத்ததே. அங்குள்ள பாறைக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டிருக்கிறது. விகாரையின் முன்புறம் புத்தர் வீற்றிருக்க, அதே கட்டடத்தின் மறுபுறத்துத் தேவாலயத்தில் விபீஷணனுக்கும் பிள்ளையாருக்கும் கந்தனுக்கும் இடமிருக்கிறது. சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு, பாறையில் வெட்டிய படிகளில் ஏறுங்கள். வெயில் ஏறிவிட்டால் வெறுங்காலில் அந்தப் பாறையில் நிற்க முடியாது, ஆகவே காலை ஒன்பது மணிக்கு முன் போய்விடுவது நல்லது.

மூன்றாவது எம்பெக்க, கதிர்காமக் கந்தனுக்கு உரிய தேவாலயம். அதன் மரத்தூண்களில் மல்லர்களும் நடனமாதரும் இருதலைப் பட்சியும் செதுக்கப்பட்டிருப்பதைப் பார்க்கத்தான் எல்லோரும் போகிறார்கள். ஆனால் உங்கள் மருமகனிடம் தலையை உயர்த்திக் கூரையைப் பார்க்கச் சொல்லுங்கள். இருபத்தாறு கைமரங்கள் ஒரே இடத்தில் வந்து கூடுகின்றன, அவை அனைத்தையும் ஒற்றை மரமுளை பிணைத்து நிற்கிறது. அருகிலுள்ள கிரிவவுலவில் பித்தளை வேலை செய்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அங்கிருந்து தவுலகல வழியாகப் பேராதனைக்குத் திரும்பினால், பிரதான வீதியை அநேகமாகத் தொடாமலே அன்றைய ஓட்டம் முடிந்துவிடும்.

இரண்டாம் நாளுக்குக் கலஹா, தெல்தோட்டை வழியாக லூல்கந்துர தோட்டத்துக்கு ஏறலாம். 1867இல் ஜேம்ஸ் டெய்லர் பத்தொன்பது ஏக்கரில் தேயிலையை நட்ட இடம் அதுதான். ஏற்றம் நீண்டது, வீதியும் ஒடுக்கமானது.

ஊவாக்காரன்:

மழை பற்றி முதலில் கூறிவிடுகிறேன், ஏனெனில் மலையகத்தில் வழியைத் தீர்மானிப்பது அதுதான். தென்மேல் பருவமழை மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், மஸ்கெலியா, கினிகத்தேனைப் பக்கத்தை நனைக்கும்போது, மலைத்தொடருக்கு இப்பால் பதுளை, பண்டாரவளை, வெலிமடைப் பக்கம் வறண்டு கிடக்கும். அந்த மாதங்களில் கச்சான் காற்று கணவாய்களில் வீசும் வேகத்தில் ஹப்புத்தளையில் சைக்கிளை நேராகப் பிடிப்பதே சிரமம். வடகீழ்ப் பருவமழை டிசம்பரில் தொடங்கும்போது நிலைமை தலைகீழாகிறது, அப்போது நனைவது எங்கள் பக்கமும் நக்கிள்ஸ் மலைகளும். நீங்கள் கூறும் பெப்ரவரியில் அந்த மழை பெரும்பாலும் ஓய்ந்திருக்கும், காற்றும் கடுமையாக இராது. ஏப்ரல் வரை தள்ளிப்போட்டால் தினமும் பின்னேரம் இடியோடு மழை வரும் என எதிர்பார்க்க வேண்டும்.

ஊவாவில் அனைவரும் முதலில் சொல்லும் இடம் லிப்டன் இருக்கை என்னும் மலையுச்சி. தம்பேதன்னையில் 1890இல் லிப்டன் கட்டிய தொழிற்சாலையைக் கடந்து ஏறக்குறைய ஏழு கிலோமீற்றர் தோட்ட வீதியில் ஏற வேண்டும். வழி அழகானதுதான், ஆனால் காலை ஏழு மணிக்குப் பின் உல்லாசப் பயணிகளை ஏற்றிய முச்சக்கரவண்டிகள் வரிசையாக வருவதால் அதை அமைதியான வீதி என்று என்னால் கூற முடியாது. விடியுமுன் ஏறத் தயாராக இருந்தால் மட்டும் போங்கள்.

எனது தெரிவு ஹப்புத்தளையிலிருந்து பொரலந்த வழியாக ஒஹியவுக்கு ஏறும் வீதி. கோவாவும் கிழங்கும் விளையும் படிக்கட்டுத் தோட்டங்களைக் கடந்ததும் கருப்பந்தைல மரங்கள் தொடங்கும். வாகனம் வெகு அபூர்வம், ஆனால் ஏற்றம் இரக்கமற்றது. பதுளைப் பக்கம் வருவதானால், ஹாலி-எலையிலிருந்து பிரிந்து செல்லும் சிறு வீதியில் போகொட என்ற கிராமத்தில் ஓட்டுக்கூரை வேய்ந்த பழைய மரப்பாலம் ஒன்று இருக்கிறது. பாலத்துக்கு இறங்கப் படிகள் என்பதால் சைக்கிளை மேலேயே விட வேண்டும்.

இன்னொன்று: 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தபோது மண்சரிவால் மலையகத்துச் சிறு வீதிகள் பல பாதிக்கப்பட்டன. கூகுள் வரைபடம் காட்டுவதை மட்டும் நம்பிப் புறப்படாமல், புறப்படுவதற்கு முந்திய நாள் மாலை அந்தந்த ஊர்க் கடையிலோ பஸ் சாரதியிடமோ விசாரித்துக்கொள்ளுங்கள்.

டிக்கோயா மகள்:

அண்ணா, எங்கள் பக்கத்தையும் கருத்தில் கொள்ளுங்கள். பெப்ரவரியில் மேற்குச் சரிவு பெரும்பாலும் வெயிலாக இருக்கும். ஆனால் டிசம்பர் பௌர்ணமி முதல் மே மாத வெசாக் வரை சிவனொளிபாதமலை யாத்திரைக் காலம் என்பதால், மஸ்கெலியாவிலிருந்து நல்லதண்ணி வரையிலான வீதியில் வார இறுதிகளிலும் போயா நாட்களிலும் இரவு பகலாக வாகனங்கள் செல்லும். அந்நாட்களைத் தவிர்த்து, செவ்வாய், புதன் போன்ற வார நாட்களில் வாருங்கள். காசல்ரீ நீர்த்தேக்கத்தை ஒட்டிய வீதியில் நீர்மட்டத்துக்குச் சற்று மேலாகவே நெடுந்தூரம் செல்லலாம். கரையில் 1878இல் கட்டிய வோர்லி கிறிஸ்தவ தேவாலயம் இருக்கிறது. நோர்வூட் கடந்து பொகவந்தலாவைக்குப் போனால், 1879இல் காலமான புகைப்படக் கலைஞர் ஜூலியா மார்கரெட் கெமரனின் கல்லறை அங்குள்ள தேவாலய வளவில் உண்டு. மவுசாகலையில் நீர் வற்றும் காலமானால், மூழ்கிப்போன பழைய மஸ்கெலியா நகரத்துக் கோவிலின் கற்கள் வெளியே தெரியும். எங்கள் முன்னோர் கும்பிட்ட இடம் அது, கரையில் சற்று நின்று பாருங்கள்.

தோட்ட வீதிகளைப் பற்றி மேலே யாரும் கூறாததைக் கூற விரும்புகிறேன். வரைபடத்தில் வெறும் கோடாகத் தெரிவது எங்களுக்கு வாசல். லயன் என்னும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைக்கும் வீதிக்கும் நடுவே ஒரு சிறிய கானுக்கான இடைவெளி மட்டுமே இருக்கும். குழந்தைகள் அங்கேதான் விளையாடுவார்கள், விறகும் துணியும் அங்கேதான் காயும். காலை ஏழரை மணிக்குப் பாடசாலைப் பிள்ளைகளும் கொழுந்து பறிக்க மலைக்குப் போகும் பெண்களும் ஒரே நேரத்தில் வீதியில் இருப்பார்கள். மதியமும் மாலையும் கொழுந்து நிறுக்கும் நேரம். கொழுந்து நிறுக்கும் கொட்டகையான மடுவத்துக்கு முன் லொறி முழு வீதியையும் அடைத்து நிற்க, பெண்கள் சாக்கைத் தலையிலிருந்து இறக்கித் தராசில் மாட்டி, கணக்கப்பிள்ளை எழுதும் எண்ணைக் கண்கொட்டாமல் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அன்றைய நாட்கூலி அந்த எண்ணில் இருக்கிறது. அந்த நேரத்தில் மணியடித்து வழி கேட்காமல், இறங்கி நின்று காத்திருங்கள். கேட்காமல் அவர்களைப் படமெடுக்கவும் வேண்டாம். தொழிற்சாலைப் பக்கத்து வீதிகளில் கேட் இருந்தால் காவலாளியிடம் சொல்லிவிட்டுப் போனால் போதும், தமிழில் கேட்டால் மறுப்பவர் அரிது.

வடமராட்சியான்:

அனைவருக்கும் மனமார்ந்த நன்றி. முதல் இரண்டு நாட்கள் பேராதனை, கம்பளைப் பக்கம், பின்னர் திங்கள் முதல் டிக்கோயா, உடல் இடங்கொடுத்தால் இறுதியில் ஒஹிய என்று தீர்மானித்திருக்கிறேன். தங்கச்சி எழுதியதை மருமகனுக்கும் வாசித்துக் காட்டினேன். பிரேக் பற்றியும் கியர் பற்றியும் யாராவது கூற முடியுமா? பின் பற்சில்லில் பெரியது 25 பல், டயர் 28 மில்லிமீற்றர்.

ஹட்டன் சைக்கிள்காரர்:

25 பல் ஒஹிய ஏற்றத்துக்கு நிச்சயம் போதாது ஐயா. முன்பக்கச் சிறிய சில்லு 34 பல்லானால், பின்னே 32 அல்லது 34 பல் உள்ள தொகுதியைப் பூட்டுங்கள். அதற்கு, பின்பக்கக் கியர் மாற்றியின் கை நீளமாக இருக்க வேண்டும், உங்களுடையது தாங்குமா என்பதைக் கடையில் காட்டிக் கேளுங்கள். 28 டயர் தார் வீதிக்குச் சரி, தோட்ட வீதிகளில் கல் பெயர்ந்த இடங்களுக்கு 32 நல்லது, பிரேக்குக்கும் டயருக்கும் இடையே இடமிருந்தால் மாற்றுங்கள்.

ரிம் பிரேக்கோடு இறங்கலாம், ஆனால் இறக்கம் முழுவதும் அழுத்திப் பிடித்தபடியே வரக்கூடாது. அப்படி வந்தால் ரிம் சூடேறி, டியூப்பின் காற்றழுத்தம் கூடி, வெடிக்கவும் கூடும். வளைவுக்கு முன் நேராக வரும்போதே இரண்டு பிரேக்கையும் பிடித்து வேகத்தை நன்றாகக் குறைத்து, வளைவில் கையைத் தளர்த்துங்கள். பாரம் கூடியவர் அடிக்கடி நின்று ரிம்மை ஆறவிட வேண்டும். மழை பெய்தால் ரிம்மிலுள்ள தண்ணீரைப் பிரேக் கட்டை துடைத்தெடுக்கும்வரை பிரேக் சரியாகப் பிடிக்காது, ஆகவே இரு மடங்கு தூரத்திலேயே பிடிக்கத் தொடங்குங்கள். புதிய பிரேக் கட்டைகள் ஒரு சோடியும் மேலதிக டியூப்களும் யாழ்ப்பாணத்திலேயே வாங்கிக்கொள்ளுங்கள், பொகவந்தலாவையில் உங்கள் சில்லின் அளவுக்கு டியூப் கிடைக்குமென்று எதிர்பார்க்க முடியாது.