மறு: ஃபியூசல் ஆல்ககால் – தமிழில் என்ன?

> வீட்டில் நொதிக்கவைக்கும் ஆப்பிள் சைடர் (ஆப்பிள் சாற்று மது) பற்றிய கட்டுரைக்காகக் கேட்கிறேன். மறுநாள் ஹேங்ஓவருக்கு ஃபியூசல்தான் காரணம் என்கிறார்கள். 'நச்சுச்சாராயம்' என்று போடலாமா?

வணக்கம் ஐயா,

தயவுசெய்து அது வேண்டாம். ஃபியூசல் என்பது, மது நொதிக்கும்போது எத்தனாலோடு (மதுவின் முக்கிய ஆல்ககால்) சிறிதளவில் உண்டாகும் வேறு சில ஆல்ககால்கள். விஷச்சாராயம் என்றால் நமக்கு மெத்தனால் கலந்தது. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சியில் 60-க்கும் மேற்பட்டோர் உயிர் போனது அதனால்தான். சைடரிலும் சிறிதளவு மெத்தனால் உண்டு, ஆப்பிளின் பெக்டினை நொதிகள் சிதைக்கும்போது வருவது. ஃபியூசல் பிறக்கும் வழியே வேறு. ஈஸ்ட் அமினோ அமிலத்திலிருந்து நைட்ரஜனைக் கழற்றிக்கொள்கிறது. மிஞ்சும் கார்பன் சட்டகம் ஆல்ககாலாகி வெளியே வருகிறது. லியூசினிலிருந்து ஐசோஅமைல் ஆல்ககால், வாலினிலிருந்து ஐசோபியூட்டனால். 1907-இல் ஜெர்மன் வேதியியலாளர் ஃபீலிக்ஸ் எர்லிக் விளக்கியது இது. ஆப்பிள் சாற்றில் பெரும்பாலும் நைட்ரஜன் பற்றாக்குறை. அப்போது ஈஸ்ட் சர்க்கரையிலிருந்தே அந்தச் சட்டகங்களைக் கட்டுகிறது, நைட்ரஜன் சேராதவை ஃபியூசலாகின்றன. அறை சூடாக இருந்தால் இன்னும் கூடும். மூடியைத் திறந்ததும் கரைப்பான் நெடி முகத்தில் அடிக்கும், விழுங்கினால் தொண்டை எரியும்.

பாடநூல்களின் 'உயர் ஆல்ககால்' வேதியியலாருக்குச் சரி. பொது வாசகர் உயர்ரகச் சரக்கு என்று படித்துவிடுவார். என் முன்மொழிவு: 'நெடி ஆல்ககால்'. மூக்கில் ஏறும் நெடியும் வந்துவிடுகிறது; எத்தனாலுக்கு 2 கார்பன், ஐசோஅமைலுக்கு 5 என்பதால் 'நெடிய' மூலக்கூறு என்ற பொருளும் சேர்கிறது.

ஹேங்ஓவர் வாக்கியத்தையும் திருத்துங்கள். போர்பனையும் (அமெரிக்க விஸ்கி வகை) வோட்காவையும் ஒப்பிட்ட ஆய்வில் போர்பன் குடித்தவர்களுக்கு அவதி கூடுதல்தான். ஆனால் போர்பனில் எத்தனாலோடு உண்டாகும் பொருள்கள் பல. ஃபியூசலை மட்டும் அது குற்றவாளியாக்கவில்லை. முதல் காரணம் குடித்த எத்தனாலின் அளவு. கூட வருபவை அனைத்துக்கும் 'உடன்விளைபொருள்' என்று தனியே வைத்துக்கொள்ளலாம், மெத்தனாலும் அதில் அடங்கும்.

---

> நெடி ஆல்ககால்

நன்றி ஐயா, சொல் வாயில் நன்றாக நிற்கிறது. ஒரே ஐயம்: ஃபினைல் எத்தனாலும் இந்தக் கூட்டம்தானே? அதற்கு ரோஜா மணம் ஆயிற்றே.

---

உண்மைதான். நெடி அதற்குப் பொருந்தாது; 8 கார்பன் கொண்டது என்பதால் 'நெடிய' பொருந்தும். அடிக்குறிப்பில் அதைச் சொல்லிவிடுங்கள். வேறு யாருக்காவது மறுப்பு இருந்தால் கட்டுரை அச்சுக்குப் போகுமுன் எழுதுங்கள்.