அப்ரிசிட்டி: பழைய ஆங்கிலச் சொல்லா, பழைய பகட்டா?

(வேர்ச்சொல், இளவெயில், பழுப்புத்தாள், மேசைவிளக்கு என்ற புனைபெயர்களில் நால்வர் பேசிக்கொண்டது.)

வேர்ச்சொல்
டிசம்பர் பிறந்தால் போதும், ‘அப்ரிசிட்டி: குளிர்கால வெயிலின் கதகதப்பு, மறந்துபோன பழைய ஆங்கிலச் சொல்’ என்று இணையத்தில் ஒரு படம் சுற்ற ஆரம்பித்துவிடும். பொருள் சரி. ‘பழைய ஆங்கிலம்’ என்பதுதான் தப்பு. அந்தப் பெயர் சுமார் 1100 வரை புழங்கிய மொழிக்கு உரியது. அப்ரிசிட்டி அச்சேறியது 1623இல், ஹென்றி காக்கரம் தொகுத்த அகராதியில். அதாவது ஷேக்ஸ்பியர் இறந்து ஏழு வருஷம் கழித்து. லத்தீன் ‘அப்ரிசிட்டாஸ்’ என்பதன் வாலை நறுக்கி ஆங்கில வாலை ஒட்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். அந்த அகராதியின் இரண்டாம் பாகம் எளிய சொல்லைக் கொடுத்து அதற்குப் பகட்டான சொல்லை எடுத்துத் தரும். கடை எதற்கு நடந்தது என்று அதிலேயே தெரியும்.

இளவெயில்
படம் போடுகிறவர் ‘பழைய’ என்று சொல்வது 400 வருஷப் பழசு என்ற பொருளில். அதைப் பிடித்துக்கொண்டு பாடம் எடுக்க வேண்டுமா? அந்த அனுபவமும் இட்டுக்கட்டியதல்ல. முதுமை பற்றிய நூலில் ரோமானிய எழுத்தாளர் சிசரோ கேட்கிறார்: கிழவனுக்குச் சூடேற வெயில் காய்வதையும் தீயையும் விட நல்ல இடம் எங்கே கிடைக்கும் என்று. அங்கே அவர் போடும் சொல் ‘அப்ரிகாட்டியோ’, இதே வேர். அலெக்சாந்தரிடம் கிரேக்க ஞானி டயோஜினிஸ் ‘வெயிலை மறைக்காமல் தள்ளி நில்’ என்று சொன்ன கதையை எழுதும்போதும் வெயில் காய்தலுக்கு இந்த வினையைத்தான் எடுக்கிறார். காக்கரம் வெறும் காற்றிலிருந்து பிடிக்கவில்லை.

பழுப்புத்தாள்
லத்தீனில் இருந்ததை யார் மறுத்தார்கள்? ஆங்கிலத்தில் யாராவது இதை வைத்துப் பேசினார்களா என்பதுதான் கேள்வி. 1755இல் சாமுவேல் ஜான்சன் தன் ஆங்கில அகராதியில் இதைச் சேர்த்தார், பொருள் ‘வெயிலின் சூடு, வெயில்’. குளிர்காலத்தைக் காணோம், கவனியுங்கள். மேற்கோள் வர வேண்டிய இடத்தில் ‘அகராதி’ என்பதன் சுருக்கம் மட்டும் நிற்கிறது. மற்ற அகராதிகளில் பார்த்தேன், எழுத்தாளர் யாரும் கையாண்டு பார்க்கவில்லை என்பதற்கு அவர் வைத்த அடையாளம் அது. அகராதி அகராதியைப் பார்த்து எழுதிய சொல்.

தேடிப் பார்ப்பவர்களுக்கு ஒன்று. அந்தக் கால அச்சில் நீள ‘எஸ்’ எழுத்தைக் கணினி ‘எஃப்’ என்று படித்துவிடும். காக்கரம் தரும் விளக்கத்தில் ‘வார்ம்னெஸ்’ என்ற சொல் ‘வார்ம்னெஃப்’ போல மாறிக் கிடக்கும். இக்கால எழுத்துக்கூட்டலில் தேடிவிட்டு ‘ஒன்றுமே இல்லை’ என்று முடிவு கட்டாதீர்கள். வருஷத்தைப் பக்கத்தின் படத்தில் பாருங்கள். மறுபதிப்பின் வருஷம் மூலப் பதிப்பின் வருஷமாக ஏறிக் கிடப்பது சகஜம்.

வேர்ச்சொல்
இப்போது நிஜப் பழைய ஆங்கிலத்துக்கு வருவோம். இன்றைய ‘வார்ம்த்’ என்ற பெயர்ச்சொல் எழுத்தில் தென்படுவதே 12ஆம் நூற்றாண்டின் இறுதியில். அதற்கு முன்பே ‘ஹ்லேயோவ்த்’ இருந்தது. சூடு, மறைப்பு, போர்வை எல்லாம் அந்த ஒரே சொல்லில். இதன் தாய் ‘ஹ்லேயோ’: காற்றுக்கும் எதிரிக்கும் மறைவான இடம். பேயோவுல்ஃப் என்ற பழைய ஆங்கிலக் காவியத்தில் ஹ்ரோத்கார் அரசனை ‘வீகெந்த்ரா ஹ்லேயோ’ என்று விளிக்கிறார்கள், போர்வீரர்களின் புகலிடம் என்று. அங்கே புகலிடமும் கதகதப்பும் ஒன்றுதான், காற்று நின்றாலே உடம்பு சூடாகும். ஐஸ்லாந்தில் இன்றும் ‘ஹ்லீர்’ என்றால் கதகதப்பானது.

பழைய ஆங்கில அகராதியில் இதை ‘எல்’ வரிசையில் தேடி ஏமாறுவார்கள். ‘எச்’ வரிசையில் பாருங்கள். முன்னாலிருந்த அந்த ‘ஹ்’ பிறகு உதிர்ந்துபோனது, ‘ஹ்லாஃப்’ லோஃப் ஆன மாதிரி. உதிர்ந்தபின் குடும்பம் பிரிந்தது. ஒரு பிள்ளை ‘லீ’, கப்பலில் காற்றுப் படாத பக்கம். இன்னொன்று ‘லூ’, மிதமான சூடு. விக்லிஃபின் 14ஆம் நூற்றாண்டு ஆங்கில பைபிளில், வெளிப்படுத்தின விசேஷம் 3:16இல், ‘நீ லூ’ என்றுதான் வருகிறது. 1611 பதிப்பில் அதே இடத்தில் ‘லூக்வார்ம்’. தமிழ் பைபிளில் ‘வெதுவெதுப்பாயிருக்கிறபடியினால்’. வசனம் நமக்குத் தெரிந்ததே: வாயிலிருந்து வாந்திபண்ணிப்போடுவேன். ஆறுதல் தந்த சொல் அரைமனதுக்கான திட்டாக முடிந்த கதை இது. ‘லூக்’ என்பது சுவிசேஷகர் லூக்கா என்று நினைப்பவர்கள் இருக்கிறார்கள். அவருக்கும் இதற்கும் எந்த ஒட்டும் இல்லை.

பழுப்புத்தாள்
அந்த ‘லூக்’ இந்த ‘லூ’விலிருந்தே வந்தது என்று அடித்துச் சொல்லிவிடாதீர்கள். அது ஒரு கருத்து. பின்னால் வரும் ‘க்’ எங்கிருந்து முளைத்தது என்பதில் ஒத்த முடிவு கிடையாது. ‘லீ’, ‘லூத்’ (ஹ்லேயோவ்த் வட்டார வழக்கில் தேய்ந்து நின்ற வடிவம்) உறவில் தகராறு இல்லை. இங்கிலாந்தின் கென்ட் வட்டார வழக்கில் ‘லூ’ என்றால் காற்று மறைவு.

இளவெயில்
சரி, ‘பழைய ஆங்கிலம்’ என்ற பெயரை விட்டுக்கொடுக்கிறேன். ‘பகட்டுச் சொல், செத்த சொல்’ என்பதை விடமாட்டேன். ஆங்கிலத்தில் அப்ரிசிட்டி ஓடவில்லை, ஆனால் அதன் வேர் பக்கத்து வீடுகளில் நன்றாக வாழ்கிறது. லத்தீன் ‘அப்ரிகுஸ்’ என்றால் வெயில் படும் திறந்த இடம். ஸ்பானிய ‘அப்ரிகோ’ அதிலிருந்து வந்தது, முதலில் மறைவிடம், இன்று மேல்கோட்டு! பிரெஞ்சு ‘அப்ரி’யும் புகலிடம்தான். வெயிலில் தொடங்கி மறைவில் முடிந்திருக்கிறது. நீங்கள் காட்டிய ஹ்லேயோ குடும்பத்திலும் மறைவும் சூடும் சேர்ந்தே இருக்கின்றன. இரண்டும் வெவ்வேறு வழியில் நடந்து ஒரே திண்ணையில் வந்து உட்கார்ந்திருக்கின்றன.

காரணம் கண்ணுக்கு முன்னாலேயே இருக்கிறது. டிசம்பர் 21 நண்பகலில் லண்டனில் சூரியன் தொடுவானத்துக்கு மேல் 15 பாகைதான் ஏறும். தரையில் ஒரு சதுர மீட்டருக்கு நேர்க்கதிரில் கால்வாசிதான் விழும். தெற்குப் பார்த்த செங்குத்துச் சுவரிலோ அது கிட்டத்தட்ட முழுசாக விழும். சுவரோரம் நிற்கிற ஆளுக்கும் அதே கணக்கு. வடக்கிலிருந்து வரும் காற்றையும் அதே சுவர் தடுத்துவிடுகிறது. காற்று அடித்தால் தோலை ஒட்டிய சூடான படலம் கலைந்துபோகும், எவ்வளவு வெயில் அடித்தாலும் அப்ரிசிட்டி கிடைக்காது. மறைவில்லாமல் கதகதப்பு இல்லை.

ஏப்ரிகாட் பழத்தை இங்கிலாந்தில் அப்படிப்பட்ட சுவரில்தான் படரவிடுவார்கள். 1617இல் அகராதி தொகுத்த மின்ஷூ ‘வெயிலிடத்தில் பழுத்தது’ என்று அதன் பெயருக்கு விளக்கம் சொன்னார்.

வேர்ச்சொல்
அந்த விளக்கம் தப்பு! அதன் வேர் லத்தீன் ‘ப்ரேகாக்ஸ்’, சீக்கிரம் பழுப்பது. கிரேக்கம் போய், அரபியில் ‘அல்-பர்கூக்’ ஆகி, ஐபீரியா (ஸ்பெயின், போர்ச்சுகல்) வழியாக ஊர் சுற்றி வந்த பெயர். ‘அப்ரிகுஸ்’ அதன் தகப்பன் அல்ல.

இளவெயில்
தகப்பன் என்று நான் சொல்லவில்லை. முன்பு ஆங்கிலத்தில் ‘ஆப்ரிகாக்’ என்று b எழுத்து இருந்த இடத்தில் இன்றைய ‘ஏப்ரி’யின் p எழுத்து வந்ததற்கு இந்தத் தப்பான விளக்கம் ஒத்தாசை செய்திருக்கலாம் என்று அறிஞர்களே கருதுகிறார்கள். தப்பான வேரும் எழுத்துக்கூட்டலை இழுக்கும்.

மேசைவிளக்கு
மொழிபெயர்க்கிறவர்களுக்கு இரண்டு இடத்தில் சறுக்கும். ஒன்று, ‘லீ ஷோர்’. லீ என்றால் மறைவு என்று படித்துவிட்டு ‘பத்திரமான கரை’ என்று எழுதுவார்கள். கப்பலின் மறைவுப் பக்கத்தில் இருக்கும் கரை அது, அதாவது காற்று கப்பலைத் தள்ளிக்கொண்டு போய் மோதவிடும் கரை. பாய்மரக்காரன் நடுங்குகிற இடம். ‘காற்று தள்ளும் கரை’ என்று போடுங்கள்.

இன்னொன்று அப்ரிசிட்டியேதான். ‘இளவெயில்’ காலை நேரத்தைச் சொல்கிறது, பனிக்காலத்தை அல்ல (பெயரை வைத்திருப்பவர் மன்னிக்க). ‘குளிர்காய்தல்’ பொருத்தமாகத் தோன்றும், ஆனால் பேப்பரில் அது வந்தாலே அடுத்தவன் சண்டையில் ஆதாயம் தேடுகிற அர்த்தம்தான். ‘பனிவெயில் சூடு’ என்று போடலாம், கொஞ்சம் புதுசாக உறுத்தும்.

வேர்ச்சொல்
‘வீகெந்த்ரா ஹ்லேயோ’வுக்கு?

மேசைவிளக்கு
‘வீரர்க்கு நிழலானவன்’ என்று கை தானாக எழுதும். புறநானூறு 35இல் குடை வெயிலை மறைக்கப் பிடித்ததல்ல, வருந்திய குடியைக் காக்கப் பிடித்தது என்று வருகிறதே. நம் ஊர் அரசன் நிழல். அவர்களுக்கோ நிழல் என்றால் குளிர்நடுக்கம். அதனால் ‘வீரர்க்குக் காற்றுமறைப்பு’ என்று எழுதி, அடிக்குறிப்பில் ஹ்லேயோவின் சூட்டைச் சொல்லிவிடுவேன்.

இளவெயில்
காற்றுமறைப்பு என்றால் கீற்றுத் தட்டி மாதிரி இருக்கிறது. ‘ஒதுக்கிடம்’?

மேசைவிளக்கு
அரசனை ஒதுக்கிடம் என்றால் ஒதுக்கப்பட்ட இடம் என்று படிப்பான். தட்டியே இருக்கட்டும்.