நடுநிலைப் பள்ளியில் நூலகப் பொறுப்பு: பிள்ளைகளை வாசிக்க வைக்க என்ன செய்யலாம்?

கேள்வி: தமிழ் டீச்சர், விருதுநகர் மாவட்டம்

எல்லோருக்கும் வணக்கம். ஊராட்சி ஒன்றிய நடுநிலைப் பள்ளி ஒன்றில் ஆறு, ஏழு, எட்டு வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். இந்த ஆண்டு நூலகப் பொறுப்பும் என்னிடம் வந்திருக்கிறது. நூலகத்துக்குத் தனி அறை கிடையாது, தலைமையாசிரியர் அறையில் இரண்டு இரும்பு பீரோ, அவ்வளவுதான். ஆனால் திறந்து பார்த்தால் புத்தகங்களுக்குக் குறைவே இல்லை. நன்கொடையாக வந்த தடித் தடிப் புத்தகங்கள், பழைய பொது அறிவுக் களஞ்சியங்கள், பள்ளிக் கல்வித் துறை நடத்துகிற வாசிப்பு இயக்கத்தின் சின்னப் புத்தகங்கள், மாணவர்களுக்கான தேன்சிட்டு இதழ்கள் எல்லாம் ஒன்றாகக் கலந்து கிடக்கின்றன.

வாரத்துக்கு ஒரு நூலகப் பாடவேளை இருக்கிறது. அதில் புத்தகத்தைக் கொடுத்தால் படத்தைப் புரட்டிவிட்டு ஐந்து நிமிடத்தில் "முடிச்சிட்டேன் டீச்சர்" என்று நீட்டுகிறார்கள். ஏழாம் வகுப்பிலும் எழுத்துக் கூட்டி வாசிக்கிற பிள்ளைகள் இருக்கிறார்கள், அவர்கள் கையை நீட்டி வாங்கவே கூச்சப்படுகிறார்கள். வீட்டுக்குக் கொடுத்து அனுப்பலாம் என்றால், தொலைந்தால் யார் பொறுப்பு, மாறுதலாகிப் போகும்போது கணக்கில் குறைந்தால் கைக்காசைக் கட்ட வேண்டி வரும் என்று கூட வேலை பார்ப்பவர்கள் சொல்கிறார்கள். எங்கிருந்து தொடங்கலாம்? செய்து பார்த்தவர்கள் சொன்னால் பெரிய உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆரணிப் பக்கம்

டீச்சர், முதல் வேலை அந்த பீரோவிலிருந்து புத்தகங்களை வெளியே எடுப்பது. நீங்கள் சொல்கிற சின்னப் புத்தகங்களெல்லாம் பின் அடித்த மெல்லிய புத்தகங்கள், பெயர் போட அவற்றுக்கு முதுகே கிடையாது. அடுக்கி வைத்தால் எது என்ன புத்தகம் என்று உங்களுக்கே தெரியாது, பிள்ளைக்கு எப்படித் தெரியும்? வகுப்பறைச் சுவரில் இரண்டு ஆணி அடித்து நைலான் கயிறு கட்டுங்கள், ஆறாம் வகுப்புப் பிள்ளையின் நெஞ்சு உயரத்துக்கு இருந்தால் போதும். புத்தகத்தை நடுப்பக்கத்தில் விரித்துக் கயிற்றின் மேல் போட்டு, துணி காயப்போடுகிற கிளிப்பை மாட்டினால் அட்டைப் படம் முழுதாகத் தெரியும். யானை படம் போட்ட அட்டைக்கு எந்தப் பிள்ளை போகிறது, பேய் படத்துக்கு எது போகிறது என்று ஒரு வாரம் சும்மா நின்று பாருங்கள். வேறு எந்த ஆய்வும் தேவைப்படாது. வாரா வாரம் கயிற்றில் இருப்பதை மாற்றுங்கள், மாற்றாவிட்டால் அதுவும் சுவரோடு சுவராகிவிடும்.

அடுத்து, கழிக்க வேண்டியதைக் கழியுங்கள். பழைய போட்டித் தேர்வு கைடு, பழுப்பேறி எழுத்து மங்கிப் போனது, பதின்மூன்று வயசுப் பிள்ளைக்கு எட்டாத தத்துவம், எதற்கு நடுவில்? நல்ல பத்துப் புத்தகம் ஐம்பது வேண்டாத புத்தகத்துக்கு நடுவே இருந்தால் ஒரு பிள்ளையும் அதைத் தேடி எடுக்காது. நன்கொடை என்று வருவதையெல்லாம் அப்படியே வாங்கி வைக்காதீர்கள். வீட்டைக் காலி செய்கிறவர்கள் தருவது பெரும்பாலும் பிள்ளைகளுக்கானதாக இருக்காது.

பிள்ளைகளையே நூலகராக்குங்கள். ஏழாம் வகுப்பில் நான்கு பேர், ஒரு நீள நோட்டு, புத்தக எண், பெயர், தேதி, இது போதும். வகுப்பில் முதல் மதிப்பெண் எடுக்கிறவர்களையே பிடித்துப் போட வேண்டாம். சும்மா உட்கார முடியாமல் துறுதுறுவென்று இருக்கிறானே, அவனிடம் கொடுங்கள். மதிய உணவு முடிந்து மணி அடிக்கிற வரைக்கும் கிடைக்கிற நேரம்தான் உண்மையான நூலக நேரம். பாடவேளையைக் கணக்கு வாத்தியார் கேட்டு வாங்கிவிடுவார், அந்த நேரத்தை யாரும் கேட்க மாட்டார்கள்.

பதில் 2: கணக்கு வாத்தியார், கோபி

நூலகப் பாடவேளையை நானும் கேட்டு வாங்கியவன்தான் சார், இப்போது எங்கள் பள்ளியில் நூலகத்தையே நான்தான் பார்க்கிறேன் 🙂

டீச்சருக்கு ஒன்றே ஒன்று சொல்கிறேன், தினமும் பத்து நிமிடம் நீங்கள் உரக்க வாசித்துக் காட்டுங்கள். கதை சொல்வது வேறு, அது நல்லதுதான், ஆனால் வாசித்துக் காட்டும்போது உங்கள் கண் தாளில் இருக்கிறது, விரல் பக்கத்தைப் புரட்டுகிறது, இத்தனை சிரிப்பும் அந்தத் தாளுக்குள்ளிருந்துதான் வருகிறது என்று பிள்ளை கண்ணால் பார்க்கிறது. வேகமாக வாசிக்க வேண்டாம். ஆளுக்கொரு குரல் கொடுங்கள், கிழவிக்கு ஒரு குரல், நரிக்கு ஒரு குரல். முக்கியமான இடம் வந்ததும் நிறுத்துங்கள். கிணற்றுக்குள்ளே யாரோ பேசுகிற சத்தம் கேட்டு எட்டிப் பார்க்கிறான் என்று இருக்கிறதா, அங்கேயே மூடி மேசையில் வைத்துவிட்டு வருகைப் பதிவேட்டை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுங்கள். திரும்பி வரும்போது அந்தப் புத்தகம் மேசையில் இருக்காது. யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்கவும் வேண்டாம்.

அப்புறம் எழுத்துக் கூட்டுகிற பிள்ளைகள் விஷயம், எனக்கு இதுதான் எல்லாவற்றையும் விட முக்கியமாகப் படுகிறது. வாசிப்பு இயக்கப் புத்தகங்கள் நுழை, நட, ஓடு, பற என்று நான்கு நிலையாக வந்திருக்கின்றன. ஏழாம் வகுப்புப் பையன் எல்லோர் முன்னாலும் 'நுழை' புத்தகத்தை எடுப்பானா? மாட்டான், அவனுக்கு மானம் பெரிது. ஆனால் நம்முடையது நடுநிலைப் பள்ளி, ஒன்றாம் வகுப்பும் இரண்டாம் வகுப்பும் அதே வளாகத்தில் இருக்கின்றன. "ரெண்டாம் வகுப்புத் தம்பிகளுக்கு வெள்ளிக்கிழமை நீ கதை வாசித்துக் காட்டணும், நல்லதாக ஒன்று எடுத்துப் பழகிக்கொள்" என்று சொல்லிப் பாருங்கள். அதே சின்னப் புத்தகத்தை அவன் தலை நிமிர்ந்து எடுப்பான், வீட்டில் நான்கு தடவை வாசித்துப் பார்ப்பான், ஏனென்றால் இப்போது அவன் அண்ணன். எங்கள் பள்ளியில் 'க்ஷ' வந்தால் தாண்டிப் போகிற ஒரு பையன் வேப்பமரத்தடியில் ஐந்து குட்டிப் பிள்ளைகளை உட்கார வைத்துக்கொண்டு புத்தகத்தை அவர்கள் பக்கம் திருப்பித் திருப்பிப் படம் காட்டி வாசிக்கிறான். அது சிறு பிள்ளைகளுக்கும் நல்லது, ஆனால் அதிக லாபம் அவனுக்கு.

பரிசு, நட்சத்திரம், அதிகப் புத்தகம் படித்தவருக்குக் கோப்பை இதெல்லாம் வேண்டாம் என்பது என் கருத்து. எண்ணிக்கைக்குப் பரிசு என்றதும் எது மெல்லியது என்று தடவிப் பார்த்துத்தான் எடுப்பார்கள்.

பதில் 3: கிளை நூலகர், தஞ்சாவூர் மாவட்டம்

தொலைந்து போகிற பயத்தைப் பற்றி யாரும் பேசவில்லை, பல பள்ளிகளில் பீரோ பூட்டியே கிடப்பதற்கு அதுதான் காரணம், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சீர்காழியில் பிறந்த நூலகவியல் அறிஞர் எஸ்.ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகங்களுக்காக எழுதிய ஐந்து விதிகளில் முதல் விதியே நூல்கள் பயன்படுத்துவதற்கே என்பதுதான். அந்த இடத்தில் அவர் ஐரோப்பிய நூலகங்களில் ஒரு காலத்தில் புத்தகங்களைச் சங்கிலியால் கட்டி வைத்திருந்த கதையைத்தான் எடுத்துக்கொள்கிறார். அதே 1931இல் மன்னார்குடிக்குப் பக்கத்தில் மேலவாசலில், எஸ்.வி. கனகசபைப் பிள்ளை முயற்சியால் மாட்டு வண்டியில் புத்தகம் ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். வண்டியில் போன புத்தகம் மழையில் நனையும், கிழியும், இரவல் வாங்கியவரிடம் தங்கியும் போகும், அதெல்லாம் தெரிந்துதானே வண்டியைப் பூட்டியிருப்பார்கள்?

நூலக நடைமுறையிலும் இழப்புக்கு இடம் உண்டு. மத்திய அரசின் பொது நிதி விதிகள் 2017இல் 215ஆம் விதி, ஓராண்டில் வழங்கப்பட்ட அல்லது பார்வையிடப்பட்ட 1000 நூல்களுக்கு 5 நூல் வரை இழப்பை நியாயமானதாக ஏற்கலாம் என்கிறது. நேர்மைக் குறைவோ அலட்சியமோ காரணமாக இருக்கக் கூடாது, 1000 ரூபாய்க்கு மேற்பட்ட நூலும் அரிய நூலும் தொலைந்தால் விசாரிக்க வேண்டும், அவ்வளவுதான் நிபந்தனை. இது மத்திய அரசு அலுவலகங்களுக்கான விதி, உங்கள் பள்ளியை நேரடியாகக் கட்டுப்படுத்தாது. இருந்தாலும் தலைமையாசிரியரிடம் பேசும்போது எடுத்துக் காட்டலாம். வழங்கியதைக் கணக்கிடுகிறார்கள் பாருங்கள், புத்தகம் எவ்வளவு அதிகமாகக் கை மாறுகிறதோ அவ்வளவு இழப்பு அனுமதிக்கப்படுகிறது. நீங்கள் செய்ய வேண்டியது, ஒவ்வொரு புத்தகத்துக்கும் எண் போட்டு முத்திரை குத்துங்கள், வழங்கும் நோட்டை ஒழுங்காக வைத்திருங்கள், ஆண்டு முடிவில் இருப்புச் சரிபார்த்துக் கிழிந்ததையும் தொலைந்ததையும் தனித்தனியாகப் பட்டியலிட்டுப் பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் வைத்துத் தீர்மானமாக எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். ஒவ்வொரு ஆண்டும் இப்படித் தாளில் இருந்தால் ஒப்படைக்கிற நாளில் உங்கள் பக்கம் பேச ஆதாரம் இருக்கும். எல்லாவற்றையும் ஒரே நாளில் கணக்குப் பார்க்கும்போதுதான் சிக்கல்.

வகைப்படுத்துவதற்குப் பெரிய நூலகங்களில் போடுகிற தசம எண்ணெல்லாம் வேண்டாம். கதைக்குச் சிவப்பு, அறிவியலுக்குப் பச்சை, பாட்டுக்கு மஞ்சள் என்று வண்ணத்தாள் ஒட்டினால் பிள்ளைகளே சரியான இடத்தில் வைப்பார்கள். பக்கத்துக் கிளை நூலகத்துக்கோ ஊர்ப்புற நூலகத்துக்கோ ஒரு தடவை வகுப்போடு போய் வாருங்கள். உறுப்பினர் கட்டணம் சின்னத் தொகைதான், விடுமுறையில் உங்கள் பள்ளி பூட்டியிருக்கும்போது பிள்ளைகளுக்கு அதுதான் கைகொடுக்கும்.

கேள்வி கேட்டவர்

ரொம்ப நன்றி. பெரிய பிள்ளை சின்னப் பிள்ளைக்கு வாசிப்பது எனக்குத் தோன்றவே இல்லை, இந்த வெள்ளிக்கிழமையே தொடங்குகிறேன். இரண்டு சந்தேகம். படித்த புத்தகத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதி வரச் சொல்வது நல்லதா? எழுதாவிட்டால், பார்வையிட வருகிறவர்கள் கேட்கும்போது எதைக் காட்டுவது? அப்புறம், புதுப் புத்தகம் வாங்கப் பணத்துக்கு என்ன வழி?

பதில் 4: ஓய்வு பெற்ற தலைமையாசிரியர், ஆரணிப் பக்கம்

எழுதச் சொல்லாதீர்கள் டீச்சர். ஒரு பக்கம் எழுத வேண்டும் என்றால் புத்தகம் வீட்டுப்பாடம் ஆகிவிடும், கடைசிப் பக்கத்தைப் பார்த்து நான்கு வரி எழுதி நீட்டுவார்கள். அதற்குப் பதில் புத்தகத்தின் பின் அட்டை உள்பக்கத்தில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, படித்து முடித்தவர் விருப்பப்பட்டால் அடுத்து எடுப்பவருக்கு ஒரு வரி எழுதலாம் என்று விடுங்கள். "12ஆம் பக்கம் வரை போர், அப்புறம் சூப்பர்" என்று எழுதியிருந்தால் அழிக்க வேண்டாம். அதைப் படித்துவிட்டுத்தான் அடுத்த பிள்ளை எடுக்கும். பார்வையிட வருகிறவருக்கு வழங்கும் நோட்டைக் காட்டுங்கள், போதும்.

பதில் 5: கணக்கு வாத்தியார், கோபி

பணத்துக்கு, மத்திய அரசின் பள்ளிக் கல்வித் திட்டமான சமக்ர சிக்ஷாவில் நூலக மானியம் என்றே ஒரு தலைப்பு இருக்கிறது. எட்டாம் வகுப்பு வரை உள்ள பள்ளிக்கு ஆண்டுக்கு 13,000 ரூபாய் வரை வழிகாட்டுதலில் உண்டு. பணமாக வருகிறதா, புத்தகமாக வருகிறதா என்று வட்டார வள மையத்தில் கேளுங்கள். காசே இல்லாமல் வேண்டுமென்றால் பிரதம் புக்ஸின் ஸ்டோரிவீவர் தளத்தில் தமிழ்க் கதைகள் நிலைவாரியாக இருக்கின்றன. திறந்த உரிமம் என்பதால் தரவிறக்கி அச்செடுத்துக்கொள்வதில் பிரச்சினை இல்லை. நடுவில் பின் அடித்தால் உங்கள் கயிற்றில் தொங்கவிடலாம்.

புத்தகக் கண்காட்சி இப்போது மாவட்டந்தோறும் நடக்கிறது, வழக்கமாக 10 சதவீதம் தள்ளுபடி. பணம் கிடைத்தால் நீங்கள் மட்டும் போய் வாங்கி வராதீர்கள். அந்த நான்கு குட்டி நூலகர்களையும் கூட்டிப் போய், பாதித் தொகைக்கு அவர்களே எடுக்கட்டும். காமிக்ஸ் எடுத்தால் எடுக்கட்டும், தடுக்காதீர்கள். திரும்பி வந்த மறுநாளே வகுப்பில் யார் எதை எடுத்தோம், ஏன் எடுத்தோம் என்று அவர்கள் நின்று சொல்லட்டும். உங்கள் பட்டியலில் இருக்கிற புத்தகங்களை மீதிப் பாதியில் வாங்கிக்கொள்ளுங்கள்.