கால்செதோன் அறிக்கை இயேசுவின் மனிதத்தைக் காத்ததா, மறைத்ததா?

கரைவழி:
நேற்று யோவான் நற்செய்தியின் நான்காம் அதிகாரத்தைத் திரும்ப வாசித்தேன். உச்சிப்பொழுது. நடந்து களைத்த ஒருவர் கிணற்றோரம் உட்காருகிறார். கிணறு ஆழம், மொள்ளுவதற்கு அவரிடம் ஒன்றும் இல்லை. தண்ணீர் எடுக்க வந்த, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் “தாகத்துக்குத் தா” என்கிறார். அப்புறம் கி.பி. 451-இல் திருச்சபை ஆயர்கள் கூடிய கால்செதோன் சங்கம் எழுதிய அறிக்கையை எடுத்தேன். ஒரே ஆள், இரண்டு தன்மைகள். கலப்பின்றி, மாற்றமின்றி, பிரிவின்றி, பிளவின்றி. அந்தக் களைத்த மனிதரை இதில் எங்கே தேடுவது?

என் வாதம் இதுதான். முதல் தலைமுறை அறிந்தது நாசரேத்து இயேசுவை. அடுத்த நானூறு ஆண்டுகளில் கிரேக்கத் தத்துவம் படித்த ஆயர்களும் பேரரசர்களும் சேர்ந்து அவரை ஒரு சூத்திரமாக்கிவிட்டார்கள். 325-இல் நிசேயா சங்கம் கொண்டுவந்த ‘ஹோமோஊசியோஸ்’, அதாவது ‘ஒரே பொருளானவர்’ என்ற சொல், வேதத்தில் ஓரிடத்திலும் இல்லை. அந்தச் சங்கத்தைக் கூட்டிய பேரரசர் கான்ஸ்டன்டைன் அப்போது ஞானஸ்நானம்கூடப் பெறவில்லை. ஒவ்வொரு சங்கமும் இயேசுவை இன்னும் கொஞ்சம் மேலே ஏற்றியது. கடைசியில் மண்ணில் அவர் கால் படவே இல்லை.

நூலேணி:
கரைவழி, உங்கள் ஆதங்கம் புரிகிறது. ஆனால் நீங்கள் சொல்லும் வரிசை தலைகீழாக இருக்கிறது. அவரை உயர்த்தும் வேலை சங்கங்களுக்காகக் காத்திருக்கவில்லை. சிலுவை மரணம் நடந்து சுமார் 30 ஆண்டுகளுக்குள் பவுல் பிலிப்பியருக்கு எழுதிவிட்டார்: “அவர் தேவனுடைய ரூபமாயிருந்தும்... தம்மைத்தாமே வெறுமையாக்கி, அடிமையின் ரூபமெடுத்து.” அந்த வரிகள் பவுலுக்கும் முந்தைய பாடல் என்று கருதும் அறிஞர்கள் பலர். கி.பி. 112 வாக்கில் ரோம ஆளுநர் பிளினி பேரரசர் டிராஜனுக்கு எழுதிய கடிதத்தில், இவர்கள் விடியுமுன் கூடிக் கிறிஸ்துவை ஒரு தெய்வமாகப் பாடுகிறார்கள் என்கிறார். அப்போது கான்ஸ்டன்டைனின் பாட்டன்கூடப் பிறந்திருக்கமாட்டார்.

சபைக்குள் ஆரம்பத்திலேயே எழுந்த மறுப்பு எது தெரியுமா? அவருக்கு உண்மையான உடல் இல்லை, பார்வைக்குத்தான் பாடுபட்டார் என்பது. அதை எதிர்த்துத்தான் யோவானின் முதல் நிருபம் ‘மாம்சத்தில் வந்த’ என்ற சொல்லை அவ்வளவு அழுத்திச் சொல்கிறது. அந்தியோக்கியா இஞ்ஞாசியார் கொல்லப்படுவதற்காக ரோமுக்குக் கொண்டுபோகப்படும் வழியில் எழுதிய கடிதங்களிலும் அதே போராட்டம்தான்.

நிசேயா சங்கம் கண்டித்த ஆரியுஸை மனித இயேசுவின் வழக்கறிஞராகப் பலர் நினைக்கிறார்கள். அது பெரிய தவறு. “அவர் இல்லாதிருந்த ஒரு காலம் உண்டு” என்றார் ஆரியுஸ். சரி, அவருடைய கிறிஸ்து யார்? படைப்புகளில் முதலாவதாகப் படைக்கப்பட்ட ஒரு மேலான ஆவி, மனித ஆன்மா இல்லாத ஓர் உடலுக்குள் குடியிருக்கிறது. அதாவது முழுத் தேவனும் இல்லை, முழு மனிதனும் இல்லை. அந்தக் கிணற்றோரம் களைத்து உட்கார அவருக்கு மனம் என்ற ஒன்றே இருந்திருக்காது.

அகல்:
இடையில் ஒரு கேள்வி. நிசேயாவில் வென்றவர்கள் பக்கத்திலேயே அப்பொல்லினாரிஸ் என்பவர் இருந்தார், பிறகு அவரையே கண்டித்தார்கள் என்று படித்தேன். ஏன்?

நூலேணி:
அகல், என் வாதத்துக்கு அவர்தான் முதல் சாட்சி. லவோதிக்கேயா ஆயர், நிசேயாவுக்காக உறுதியாக நின்றவர். கிறிஸ்துவில் மனித அறிவு இருக்கவேண்டிய இடத்தில் தேவ வார்த்தையே, அதாவது தேவகுமாரனே, இருந்தது என்று போதித்தார். பக்தியான பேச்சுதான், கேட்க நன்றாகத்தான் இருக்கும். அதற்கு அந்தக் கால இறையியலாளர் நாசியான்சு கிரகோரியார் எழுதிய பதில் ஒரே வரி: எதை அவர் தமதாக ஏற்கவில்லையோ அது குணமாகவில்லை. என் அறிவும் சீர்கெட்டிருக்கிறதே, மனித அறிவை அவர் ஏற்கவில்லை என்றால் என் அறிவை யார் குணப்படுத்தினார்? 381-இல் கான்ஸ்டாண்டிநோபிள் சங்கம் அப்பொல்லினாரிஸின் போதனையைத் தள்ளியது. ஆக, நிசேயாவை ஏற்றவர்களுக்குள் எழுந்த சண்டையே இயேசு எவ்வளவு மனிதர் என்பதைப் பற்றியதுதான்.

கரைவழி:
கிரகோரியாரின் வரி எனக்கும் பிடிக்கும். ஆனால் 431-இன் எபேசு சங்கத்தைத் தாண்டிப் போய்விடாதீர்கள். கான்ஸ்டாண்டிநோபிளின் பேராயர் நெஸ்தோரியுஸ் கேட்டது என்ன? மரியாளை ‘தேவனைப் பெற்றவள்’ என்று மட்டும் சொன்னால் மனிதத்தன்மை விழுங்கப்பட்டுவிடும், ‘கிறிஸ்துவைப் பெற்றவள்’ என்று சொல்வோம் என்றார். அவர் சார்ந்த அந்தியோக்கியா இறையியல் பள்ளியின் கவலையே அந்த மனிதரை இழந்துவிடக்கூடாது என்பதுதான். அவருக்கு நடந்தது என்ன? அலெக்சாந்திரியாவின் பேராயர் சிரில், அந்தியோக்கியாவின் ஆயர் யோவானும் அவரோடு புறப்பட்ட கீழைத்திசை ஆயர்களும் எபேசுக்கு வந்து சேருமுன்பே ஜூன் 22 அன்று சங்கத்தைத் தொடங்கி, அன்றே நெஸ்தோரியுஸைப் பதவியிலிருந்து நீக்கினார். அவர்கள் வந்தது நான்கு நாள் கழித்து. எதிர்த்தரப்பு வருமுன் எழுதிய தீர்ப்பு அது. அவர் எகிப்துப் பாலைவனத்தில் நாடுகடத்தப்பட்டவராகவே செத்துப்போனார். 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் அவருடைய நூல் சிரியாக் மொழியில் கிடைத்தபோதுதான், ‘இரண்டு கிறிஸ்துக்கள்’ என்று அவர்மேல் சுமத்திய குற்றத்தை அவரே மறுத்திருப்பது உலகத்துக்குத் தெரிந்தது. 1994-இல் போப் இரண்டாம் யோவான் பவுலும் கிழக்கின் அசீரியத் திருச்சபையின் மார் தின்கா அவர்களும் கூட்டறிக்கையில் கையெழுத்திட்டு, நம் விசுவாசம் ஒன்றே என்றார்கள். 1563 ஆண்டு தாமதம்!

நூலேணி:
எபேசில் நடந்த முறைக்கு நான் வக்காலத்து வாங்கமாட்டேன். அது அநியாயம். ஆனால் சிரிலின் கேள்வி நியாயமானது. தொட்டிலில் கிடந்த குழந்தை யார்? சிலுவையில் செத்தவர் யார்? ‘தேவன் குடியிருந்த ஒரு மனிதர்’ என்றால், எனக்காகச் செத்தது தேவன் அல்ல, தேவனுக்கு வீடாக இருந்த வேறொருவர். ஒரு தாய் தன் மகனைத்தான் பெறுகிறாள், மகனின் ஒரு தன்மையைப் பெறுவதில்லை.

மூன்றாம்சாமம்:
நீங்கள் இரண்டு பேரும் கால்செதோனை ஏற்றுக்கொண்ட உலகத்துக்குள்ளிருந்தே பேசுகிறீர்கள். நான் வெளியே நின்றவர்களின் பிள்ளை: காப்டிக், சிரியாக், ஆர்மீனிய, எத்தியோப்பியத் திருச்சபைகளின் பக்கம். எங்களை ‘ஒரு தன்மைக்காரர்கள்’ என்று எழுதும் புத்தகங்கள் எங்களை, மனிதத்தன்மை தேவத்தன்மையில் கரைந்ததாகப் போதித்தார் என்று கண்டிக்கப்பட்ட துறவி யூத்திக்கஸோடு சேர்த்துக் கட்டிவிடுகின்றன. மனிதத்தன்மை கடலில் விழுந்த துளிபோல் கரைந்தது என்று நாங்கள் ஒருபோதும் சொன்னதில்லை. சிரிலின் சொற்களையே சொல்கிறோம்: மாம்சமான தேவ வார்த்தையின் ஒரே தன்மை, முழுத் தேவன், முழு மனிதன்.

கால்செதோனில் நடந்ததைக் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். முதல் வரைவில் கிறிஸ்து ‘இரு தன்மைகளிலிருந்து’ என்று இருந்தது. ஆயர்களில் பெரும்பாலோர் அதை ஆரவாரத்தோடு ஏற்றார்கள். ரோமின் தூதர்கள் மறுத்தார்கள், ஊருக்குத் திரும்பிவிடுவோம் என்றார்கள். அரசு அதிகாரிகள் எழுந்து, ‘இரு தன்மைகளிலிருந்து’ என்பதை அலெக்சாந்திரியாவின் தியோஸ்கோருஸும் ஏற்கிறாரே, நீங்கள் அவர் பக்கமா ரோமின் போப் லியோ பக்கமா என்று கேட்டார்கள். தியோஸ்கோருஸைச் சில நாள் முன்புதான் பதவி நீக்கியிருந்தார்கள். பதில் என்னவாக இருக்கும்? வரைவு ‘இரு தன்மைகளில்’ என்று மாறியது. நம் இலக்கணத்தில் சொன்னால் ஐந்தாம் வேற்றுமை ஏழாம் வேற்றுமையானது. அந்த ஒரு உருபுக்காக எகிப்திலும் சிரியாவிலும் தலைமுறை தலைமுறையாக ரத்தம் சிந்தியது. 1973-இல் போப் ஆறாம் பவுலும் காப்டிக் திருச்சபைத் தலைவர் மூன்றாம் ஷெனூதாவும் சேர்ந்து அறிக்கை விட்டபோது, இரு பக்கமும் ஏற்கும் சொற்களை ஒரே தாளில் எழுத முடிந்தது.

நூலேணி:
மூன்றாம்சாமம், இதைத் தாழ்மையோடு ஏற்கிறேன். ‘தன்மை’ என்ற சொல்லைச் சிரில் ஒரு பொருளிலும் லியோ வேறு பொருளிலும் ஆண்டார்கள். அதைப் பொறுமையாகக் கேட்க அன்று ஆள் இல்லை.

ஆனாலும் கரைவழியின் முதல் கேள்விக்கு நான் இன்னும் பதில் சொல்லவில்லை. இயேசு பிடிபடுமுன் ஜெபித்த கெத்செமனே தோட்டத்துக்கு வாருங்கள். “என் சித்தத்தின்படியல்ல, உம்முடைய சித்தத்தின்படியே ஆகக்கடவது.” இதில் ‘என்’ யாருடையது?

7-ஆம் நூற்றாண்டில் கான்ஸ்டாண்டிநோபிளில் இருந்த பேரரசுக்கு ஒரு சமரசம் தேவைப்பட்டது. பாரசீகப் போர், அதையடுத்து அரபுப் படைகள். கால்செதோனை ஏற்காத மாகாணங்களைக் கையில் வைத்திருக்கவேண்டும். இரண்டு தன்மைகள் இருக்கட்டும், சித்தம் ஒன்றே என்று 638-இல் பேரரசர் ஹெராக்ளியுஸ் ஆணையிட்டார். அது பலிக்கவில்லை. 648-இல் பேரரசர் இரண்டாம் கான்ஸ்டன்ஸ், ஒன்று இரண்டு என்ற பேச்சே கூடாது என்று வாயடைத்தார். மறுத்தவர் மாக்சிமுஸ் என்ற துறவி. அவர் கேட்டது எளிமையானது. இயேசுவுக்கு மனித சித்தம் இல்லை என்றால், தோட்டத்தில் பயந்தது யார்? கீழ்ப்படிந்தது யார்? ஒன்று, தேவ சித்தமே பிதாவை எதிர்த்துத் தயங்கியது என்று சொல்லவேண்டும். இல்லையென்றால் அந்த வியர்வையும் ஜெபமும் வெறும் பாவனை என்று ஆகும். ‘உம்முடைய சித்தம்’ என்று சொன்ன அந்தச் சம்மதமே ஒரு மனித இதயம் சுதந்திரமாகச் செய்த செயல் என்றார்.

662-இல், எண்பது வயதைத் தாண்டியவரின் நாக்கையும் வலது கையையும் வெட்டி, காக்கசஸ் மலைப்பக்கம் அனுப்பினார்கள். அதே ஆண்டு இறந்தார். 681-இல் சங்கம் அவர் சொன்னதையே ஏற்றது. கரைவழி, இயேசுவை மண்ணிலிருந்து தூக்கிவிட்டார்கள் என்கிறீர்கள். இந்த மனிதர் தன் நாக்கைக் கொடுத்தது இயேசுவுக்கு நம்மைப்போல் ஒரு மனது இருந்தது என்பதற்காக!

கரைவழி:
மாக்சிமுஸை இந்தக் கோணத்தில் நான் பார்த்ததில்லை. ‘ஒவ்வொரு சங்கமும் மேலே ஏற்றியது’ என்று எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனால் மாற்கு 13:32-ஐ என்ன செய்வீர்கள்? அந்த நாளைக் “குமாரனும் அறியார்” என்கிறார் இயேசுவே. 6-ஆம் நூற்றாண்டில் அலெக்சாந்திரியாவின் திருத்தொண்டர் தெமிஸ்தியுஸ், மனிதராக அவர் உண்மையிலேயே அறியவில்லை என்றார். அவரைப் பின்பற்றியவர்களுக்கு ‘அறியாமைக்காரர்கள்’ என்று பட்டப்பெயர் வைத்துத் தள்ளினார்கள். 600 வாக்கில் ரோமின் போப் பெரிய கிரகோரியாரும் அவர்களுக்கு எதிராகவே எழுதினார். மனித சித்தம் உண்டு, மனித அறியாமை மட்டும் கிடையாது என்றால், உங்கள் நாசியான்சு கிரகோரியாரின் விதி பாதி வழியில் நின்றுவிட்டதே.

நூலேணி:
அங்கே உங்கள் பக்கம்தான் நியாயம் அதிகம். இயேசு ஞானத்தில் வளர்ந்தார் என்று லூக்கா எழுதுகிறார், வளர்ந்தவர் முன்பு அறியாததை அறிந்திருக்கவேண்டும். 19-ஆம் நூற்றாண்டு ஜெர்மனியில் தொமாசியுஸ் போன்றவர்கள் இதைச் சரிசெய்யப் பார்த்து, மனிதரானபோது சர்வஞானத்தையே விட்டுவிட்டார் என்றார்கள். எனக்கு அது ஒப்பவில்லை, ஏனென்றால் விட்டுவிட்டு வந்தால் வந்தவர் தேவன்தானா என்று ஆரியுஸின் வாசலுக்கே திரும்பிவிடுவோம். ஆனால் அறியாததை அறியாததாகவே அவர் சொன்னார் என்பதை நான் மழுப்பமாட்டேன்.

மூன்றாம்சாமம்:
சிரில் ஓரிடத்தில், மனிதருக்குரிய மற்றதை ஏற்றவர் அறியாமையையும் ஏற்றார் என்ற பாங்கில் பேசுகிறார். இன்னோரிடத்தில், சீடர்களின் நன்மைக்காக அப்படிச் சொன்னார் என்கிறார். இரண்டையும் அவரே எழுதியிருக்கிறார்.

கரைவழி:
அப்படியானால் அந்த முதல் இடத்திலிருந்து தொடங்குவோம். நான் இன்று இரவு கெத்செமனேயைத் திரும்ப வாசிக்கப்போகிறேன், இந்த முறை ‘என்’ என்ற சொல்லில் நின்று.