மறுமொழி: சப்யூனிட் – 'துணை அலகு' போதுமா?

ஐயா, வணக்கம்.

பல புரதங்கள் கூடி அமையும் ஒரு பெரிய புரதத்தில் ஒவ்வொரு புரதத்தையும் சப்யூனிட் என்கிறோம். அதற்குத் 'துணை அலகு' பழகிவிட்டது, ஏன் கலைக்க வேண்டும் என்று கேட்டிருந்தீர்கள். எனக்கு அது உறுத்தத் தொடங்கியதே, டி.என்.ஏவைப் பார்த்து ஆர்.என்.ஏவை உருவாக்கும் நொதியான ஆர்.என்.ஏ பாலிமரேஸ் பற்றி எழுதும்போதுதான்.

ஈஸ்ட்டில் இந்த நொதியின் வகைகளுள் ஒன்றான பாலிமரேஸ் 2-இல் 12 புரதங்கள். ஆர்பிபி1 முதல் ஆர்பிபி12 வரை பெயர். ஆகப் பெரியது ஆர்பிபி1; ஆர்.என்.ஏ இழை கோக்கப்படும் இடமே அதற்கும் ஆர்பிபி2-க்கும் நடுவில்தான் இருக்கிறது. அதைப் போய்த் 'துணை' என்றால், யாருக்குத் துணை? (துணைவேந்தர்தானே பல்கலைக்கழகத்தை நடத்துகிறார் என்பீர்கள். அங்கே மேலே ஒரு வேந்தர் இருக்கிறாரே!)

இனங்களை ஒப்பிடும்போது சிக்கல் இன்னும் கூடுகிறது. ரொட்டி ஈஸ்ட்டில் ஆர்பிபி4 மரபணுவை நீக்கினாலும் செல் தட்டுத்தடுமாறிப் பிழைத்துக்கொள்ளும். வெப்பம் மிகவும் கூடினாலோ குறைந்தாலோதான் தாங்காது. பிளவு ஈஸ்ட்டில் அதே மரபணு இல்லாவிட்டால் செல்லே இல்லை. ஓரிடத்தில் துணை, இன்னோரிடத்தில் உயிர்நாடி. பெயரே முன்கூட்டித் தீர்ப்பு சொல்லிவிடக் கூடாது.

என் பரிந்துரை: உறுப்பலகு.

'உறுப்பு என்றால் கை கால், ஈரல் என்று பிள்ளைகள் நினைப்பார்கள்' என்று அக்கா எழுதியிருந்தார். அதே பிள்ளைகள் பகுபத உறுப்புகள் ஆறு என்று ஒப்பிக்கிறார்களே. பகுதியும் விகுதியும் இல்லாமல் பகுபதம் இல்லை. சாரியை வரும், வராமலும் போகும். பாலிமரேஸும் ஏறக்குறைய அப்படித்தான். ஈ.கோலை பாக்டீரியாவின் மைய நொதியில் ஐந்தே புரத இழைகள்: ஆல்ஃபா இரண்டு, பீட்டா, பீட்டா பிரைம், ஒமேகா. ஈஸ்ட்டின் ஆர்பிபி1 பீட்டா பிரைமுக்கு உறவு, ஆர்பிபி2 பீட்டாவுக்கு. ஈஸ்ட்டில் மிச்சமிருப்பதில் பல பின்னால் சேர்ந்தவை.

தொடரில் போட்டும் பார்த்தேன்: 'பாலிமரேஸ் 1, 2, 3 மூன்றுக்கும் பொது உறுப்பலகுகள் ஐந்து.' 'மனித உறுப்பலகுகள் சில, ஈஸ்ட்டில் அதன் சொந்த உறுப்பலகுக்குப் பதிலாக வேலை செய்கின்றன.' நாக்கில் இடறவில்லை.

அப்புறம், ஒரு மரபணுவைப் பிரித்தெடுத்து நகல்களாகப் பெருக்கும் குளோனிங்குக்குப் 'படியெடுத்தல்' வேண்டவே வேண்டாம். டி.என்.ஏவிலிருந்து ஆர்.என்.ஏ உருவாவதைத்தான் படியெடுத்தல் என்கிறோம். 'பாலிமரேஸ் மரபணுவைப் படியெடுத்தோம்' என்று எழுதினால் அது பாலிமரேஸின் வேலையாகிவிடும். நகலாக்கம் சரிப்படும், இல்லையென்றால் குளோனிங் என்றே இருந்துவிட்டுப் போகட்டும்.

'துணை'யைத் தூக்கி எறியவும் வேண்டாம். பாக்டீரியாவின் சிக்மா என்ற புரதம் இருக்கிறதே, பாலிமரேஸுக்குத் தொடங்கும் இடத்தைக் காட்டிக்கொடுத்துவிட்டுப் பெரும்பாலும் கழன்றுகொள்கிறது. அதற்குத் துணைக்காரணி என்றால் எனக்கு மறுப்பில்லை.