பாம்பன் பாலம்: சான்று பழையது, வாக்கியம் புதியது. என்ன செய்யலாம்?

மண்டபம் வாசகர் (கேள்வி):
வணக்கம். பலர் கூடித் தொகுக்கும் இணையக் கலைக்களஞ்சியம் ஒன்றில் பாம்பன் ரயில் பாலத்தைப் பற்றிப் படித்தேன். ‘கப்பல் வரும்போது நடுப்பகுதி செங்குத்தாக மேலே எழும்’ என்ற வாக்கியத்துக்கு, 2012இல் பார்த்ததாகக் குறிக்கப்பட்ட நாளிதழ்ச் செய்தி ஒன்று சான்றாக நிற்கிறது. செங்குத்துத் தூக்குப் பாலம் திறக்கப்பட்டதோ 2025 ஏப்ரல் 6 அன்று. இணைப்பும் திறக்கவில்லை. அந்தச் சான்றை நீக்கிவிடலாமா?

ராமேசுவரம் தொகுப்பாளர்:
நீக்க வேண்டாம், ஐயா. முதலில் பக்க வரலாற்றை, அதாவது யார் எப்போது எதை மாற்றினார் என்ற பதிவைப் பாருங்கள். 1914இல் திறக்கப்பட்ட பழைய பாலத்தின் கப்பல் வழி, இரண்டாகப் பிரிந்து இருபுறமும் உயரும் ஷெர்சர் வகையைச் சேர்ந்தது. அந்தச் செய்தி அதைத்தான் சொல்லியிருக்க வேண்டும். புதிய பாலம் வந்ததும் யாரோ நல்லெண்ணத்துடன் வாக்கியத்தை மட்டும் மாற்றிவிட்டு, அதன் கடைசியில் இருந்த சான்று எண்ணை அப்படியே விட்டிருப்பார்.

செத்த இணைப்பைவிட இதையே பெரிய கேடாகக் கருதுகிறேன். இணைப்பு செத்தால் சொடுக்கியவுடன் தெரிந்துவிடும். வாக்கியம் சான்றைவிட்டு நழுவியது எளிதில் கண்ணில் படாது. இடைச்செருகலும் இப்படித்தான். 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழித்தது என்ற வரிக்கும் அதன் சான்றுக்கும் நடுவே, ரயிலில் இறந்தோரின் எண்ணிக்கையை ஒருவர் சேர்த்தால், சான்றில் இல்லாத அந்த எண்ணிக்கைக்கும் அதே சான்று பொறுப்பேற்றதுபோல் ஆகிவிடும்.

கீழக்கரை நூலகர்:
இணைப்பு திறக்காதது தனிச் சிக்கல். செய்தித் தளங்களைப் புதுப்பிக்கும்போது பழைய முகவரிகள் கூட்டமாகச் செத்துப்போகின்றன. இணையப் பக்கங்களின் பழைய படிகளைச் சேமித்துவைக்கும், 2001 முதல் பொதுப் பயன்பாட்டில் உள்ள வேபேக் மெஷின் காப்பகத்தில் முகவரியை இட்டு, பார்த்த நாளுக்கு மிக நெருங்கிய படியைத் தேர்ந்தெடுங்கள். பிந்தைய படியில் செய்தியே திருத்தப்பட்டிருக்கலாம். செத்த இணைப்புகளுக்குக் காப்பகப் படியைச் சேர்க்கும் தானியங்கிகள் உண்டு; ஆனால் அந்தப் படி வாக்கியத்தைத் தாங்குகிறதா என்பதை மனிதர்தான் படித்துப் பார்க்க வேண்டும். படியே கிடைக்காவிட்டாலும் இதழின் பெயர், தேதி, பக்க எண் ஆகியவற்றை அழிக்காதீர்கள்; அவற்றைக் கொண்டு அச்சுப் பிரதியைத் தேடலாம்.

புதிய சான்று தேடும்போது ஒன்றைக் கவனியுங்கள். சான்றின்றி நின்ற வரியை ஒரு செய்தித் தளம் எடுத்தாள, பின்னர் அந்தச் செய்தியே அவ்வரிக்குச் சான்றாகத் திரும்பி வருவதுண்டு. செய்தியின் தேதியையும், வரி சேர்க்கப்பட்ட நாளையும் ஒப்பிட்டுப் பார்த்தால் பெரும்பாலும் பிடிபட்டுவிடும்.

மண்டபம் வாசகர்:
வரலாற்றைப் பார்த்தேன், 2025 ஏப்ரலில்தான் வாக்கியம் மாறியிருக்கிறது. பழைய வாக்கியத்தை இறந்தகாலத்தில் மீட்டு அதன் சான்றை அதற்கே கொடுத்துவிடுகிறேன். புதிய பாலத்துக்குத் தனி வாக்கியம் எழுதி, ரயில்வே அமைச்சகத்தின் அறிவிப்பைச் சான்றாகச் சேர்க்கிறேன்.

ராமேசுவரம் தொகுப்பாளர்:
அதுவே சரி. அந்த அறிவிப்பின் பக்கத்தையும் இன்றே காப்பகத்தில் சேமித்து, படியின் முகவரியைச் சான்றுடன் சேர்த்துவிடுங்கள். மாற்றத்துக்கான காரணத்தை, தொகுப்பாளர்கள் கலந்துபேசும் பேச்சுப் பக்கத்தில் எழுதினால், அடுத்துத் தொகுப்பவர் இரண்டு வாக்கியங்களையும் மறுபடி ஒன்றாக்காமல் இருப்பார்.