கோடாக் எதையும் ஒளித்து வைக்கவில்லை

ரீல்காரன்:
நோக்கியா பற்றிய இழையில் நேற்று ஒருவர் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போயிருக்கிறார்: "கோடாக் 1975-லேயே டிஜிட்டல் கேமராவைக் கண்டுபிடித்து ஒளித்து வைத்தது, அதனால் அழிந்தது." இதைப் படித்துப் படித்து அலுத்துவிட்டது. கோடாக்கின் ராச்செஸ்டர் ஆய்வகத்தில் பொறியாளர் ஸ்டீவ் சாசன் செய்த அந்தக் கருவிக்கு 1978-ல் அமெரிக்கக் காப்புரிமை கிடைத்தது. காப்புரிமை என்றால், எப்படிச் செய்தோம் என்று படம் போட்டு ஊரறியச் சொல்வது. ஊரறியச் சொன்னதை எப்படி ஐயா ஒளிப்பது?

மாறன்_2:
எழுதியது நான்தான். 'ஒருவர்' என்று எதற்குச் சுற்றி வளைக்கிறீர்கள்? காப்புரிமை வாங்குவது வேறு, மக்கள் முன் வைப்பது வேறு. அதைப் பற்றி வெளியில் பேசவோ, கருவியைக் காட்டவோ சாசனுக்கு நிறுவனம் அனுமதி தரவில்லை. செய்தவரின் வாயைக் கட்டினால் அதற்குப் பெயர் ஒளித்து வைப்பதுதான்.

ரீல்காரன்:
என்ன கருவி என்று தெரிந்துதான் பேசுகிறீர்களா? எடை 3.6 கிலோ. லென்ஸ், சூப்பர் 8 சினிமா கேமராவின் உதிரிபாகம். 16 பேட்டரி, பக்கவாட்டில் ஒரு கேசட் ரெக்கார்டர். 100-க்கு 100, ஆக மொத்தம் 10,000 புள்ளிகள், அதுவும் கறுப்பு வெள்ளை. ஒரு படம் நாடாவில் ஏற 23 விநாடி. ஆய்வகத்தில் வேலை பார்த்த ஒரு பெண்ணைப் படம் எடுத்து டிவியில் போட்டார்கள். தலைமுடி தெரிந்தது, முகம் கலைந்து கிடந்தது. இதைக் கடையில் வைத்திருந்தால் நீங்கள் வாங்கியிருப்பீர்களா?

கணக்குப்புலி:
முதலில் 'அழிந்தது' என்றால் என்ன என்று முடிவு செய்யுங்கள். 2012 ஜனவரியில் திவால் மனு கொடுத்தார்கள், 2013-ல் மீண்டு வந்தார்கள். நிறுவனம் இன்னும் இருக்கிறதே.

மாறன்_2:
கடையில் வைத்தார்களா என்று நான் கேட்கவே இல்லை. ஒளித்தார்களா, இல்லையா? அதற்குப் பதில் சொல்லுங்கள்.

ரீல்காரன்:
இல்லை. 1978. காப்புரிமை.

பூங்குழலி:
அண்ணன்மாரே, ஃபியூஜிஃபிலிமைப் பாருங்கள். அவர்களும் ஃபிலிமை நம்பித்தான் இருந்தார்கள். 2000-ஐ ஒட்டி ஃபிலிம் விற்பனை உச்சத்துக்குப் போய் மளமளவென்று சரிந்தது, இருவருக்கும் ஒரே அடி. ஃபியூஜி தன் வேதியியல் அறிவை வைத்து எல்சிடி திரைக்கான படலம் செய்தது, 2007-ல் முகப்பூச்சு கூட விற்றது. அதே 2007-ல் கோடாக் தன் மருத்துவப் படக் கருவிப் பிரிவை விற்றுவிட்டது. பேச வேண்டியது இதைத்தான்.

மாறன்_2:
அதற்குத் தனி இழை திறங்கள் அம்மா. இங்கே 1975 பேசுகிறோம்.

தட்டச்சன்:
முதலில் அது 'கோடக்'. 'கோடாக்' தவறு.

ரீல்காரன்:
அந்த நிறுவனத்தின் மஞ்சள் டப்பாவைக் கையில் பிடித்தவர்கள் எல்லாரும் கோடாக் என்றுதான் சொன்னோம். நான் இருட்டறையில் பன்னிரண்டு வருடம் நின்றவன். சிவப்பு விளக்கில் டிரேயை மெல்ல ஆட்ட ஆட்ட, வெள்ளைத் தாளில் முதலில் முடியின் கறுப்பு வரும், அப்புறம் கண், கடைசியில்தான் கன்னத்தின் சாயல். அந்த ஒரு படத்துக்கு ஃபிலிம், தாள், டெவலப்பர், ஹைப்போ என்ற ரசாயனங்கள் எல்லாம் செலவு. கேமராவை ஒரு முறை வாங்கினால் முடிந்தது, இவற்றை வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். அவர்களுக்குச் சோறு போட்டது அந்த வருமானம். டிஜிட்டலில் அது கிடையாது. வீழ்ச்சிக்குக் காரணம் இது. யாரும் எதையும் பூட்டி வைக்கவில்லை.

மாறன்_2:
இதைத்தானே நானும் சொல்கிறேன்! வருமானம் போய்விடும் என்று பயந்து ஒளித்தார்கள். உங்கள் வாயாலேயே ஒப்புக்கொண்டுவிட்டீர்கள்.

ரீல்காரன்:
எதையும் ஒப்புக்கொள்ளவில்லை. பயந்து ஒளித்தவன் 1991-ல் நிக்கான் எஃப்3 கேமராவின் உடலில் 1.3 மெகாபிக்சல் சென்சாரைப் பொருத்தி விற்பானா? 1994-ல் ஆப்பிள் விற்ற டிஜிட்டல் கேமரா குவிக்டேக் 100-ஐச் செய்து கொடுத்ததே கோடாக்தான். இன்று உங்கள் செல்பேசி வண்ணம் பிரிக்கிறதே, அந்த வடிகட்டி கோடாக்கின் பிரைஸ் பேயர் 1976-ல் காப்புரிமை பெற்றது. 2005-ல் அமெரிக்காவில் அதிக டிஜிட்டல் கேமரா விற்றதும் இவர்களே.

மாறன்_2:
1991! 1975-க்கும் 1991-க்கும் நடுவே 16 வருடம். அத்தனை வருடம் அந்தப் பெட்டி எங்கே இருந்தது?

தட்டச்சன்:
கோடக்.

ரீல்காரன்:
போன மாதம் பிளாக்பஸ்டர் என்ற வீடியோ வாடகை நிறுவனம் பற்றிய இழையிலும் உங்களிடம் இதே கதைதான். திவாலான ஆண்டைத் தப்பாகப் போட்டீர்கள். 2010 என்று நான் திருத்தியதும் பதிவையே அழித்துவிட்டு ஓடினீர்கள். நான் மறக்கவில்லை.

மாறன்_2:
அழித்தது வேறு காரணத்துக்காக. அதை இங்கே இழுப்பதிலிருந்தே உங்கள் கையில் சரக்கு தீர்ந்துவிட்டது என்று தெரிகிறது.

கணக்குப்புலி:
'அழிந்தது' என்பதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

பூங்குழலி:
ஃபியூஜிக்கும்தான்.

ரீல்காரன்:
சரக்கா? இதோ: அமெரிக்கக் காப்புரிமை எண் 4131919. தலைப்பு 'எலக்ட்ரானிக் ஸ்டில் கேமரா'. யார் வேண்டுமானாலும் எடுத்துப் படிக்கலாம். படித்துவிட்டு வந்து பேசுங்கள்.

மாறன்_2:
படித்தேன். கருவியை வெளியில் காட்டினோம் என்று அதில் ஒரு வரி கூட இல்லை.

ரீல்காரன்:
முதல் பக்கத்தில் தேதி இருக்கிறது. 1978 டிசம்பர் 26. மறுபடியும் படியுங்கள்.